பத்து மாத அட்வான்ஸ்

சூளைமேட்டில் நான் சாயங்காலம் டீ குடிக்கும் கடையில் ஒரே ஒரு பெஞ்சு. மூன்று பேர் உட்காரலாம். நான்காவது ஆள் வந்தால் மூன்று பேரும் மனசு வைத்து நகர வேண்டும். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அந்த நான்காவது இடத்தில் ஒரு தம்பி வந்து ஒண்டிக்கொண்டான். கூரியர் குடோனில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது 16,000. நான்கு பேரோடு ஒரே ரூமில் இருந்தவன். ரூம் யார் பேரில் இருந்ததோ அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் மற்றவர்கள் போன மாதத்தோடு கிளம்ப வேண்டியதாயிற்று. மனைவியும் கைக்குழந்தையும் விழுப்புரம் பக்கம் மாமியார் வீட்டில். இவன் இரண்டு வாரமாகக் குடோனிலேயே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறான்.

"ஆறாயிரத்துக்குள்ள ஒரு வீடு கிடைக்குமாண்ணா?"

"வாடகைய விடு. கையில எவ்வளவு வச்சிருக்க?"

"பன்னெண்டாயிரம்."

இன்னும் இரண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற பேச்சாக இது தெரியவில்லை.

சென்னையில் வீடு தேடுகிற யாரும் முதலில் வாடகையைத்தான் கேட்கிறார்கள். சம்பளத்தில் எவ்வளவு போகும், மிச்சத்தில் சாப்பிட முடியுமா என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரியாகவும் வரும். 16,000 சம்பளக்காரனுக்கு 6,000 வாடகை இழுபறிதான், ஆனாலும் ஓட்டிவிடலாம். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இந்த ஊர் வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். அதை அவனுக்கு ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதியே காட்டினேன். அட்வான்ஸ் 60,000. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன், அது 6,000. முதல் மாத வாடகையை முன்னாலேயே கேட்பார்கள், இன்னொரு 6,000. சாமானை ஏற்றிப் போக சின்ன யானை வண்டிக்கும் தூக்குகிற ஆளுக்கும் 2,000. கூட்டினால் 74,000. மாதம் ஆறாயிரம் ரூபாய் வீட்டின் வாசற்படியைத் தாண்ட, அவனுடைய நாலரை மாதச் சம்பளத்துக்கு மேல் மொத்தமாக வேண்டும்.

மொத்தமாக என்பதுதான் சிக்கல். மாதா மாதம் கொடுக்க வக்கு இருக்கிறவனிடம் மொத்தமாகக் கொடுக்க இருக்காது. அதனால் கடன் வாங்குவான். அட்வான்ஸுக்கு மட்டும், கையில் இருக்கிற 12,000 போக 48,000-ஐ மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,440 வட்டி. ஆக வாடகை 6,000 என்பது பேச்சுக்கு. அவன் கையிலிருந்து மாதம் போகப்போவது 7,440. இதில் அசல் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. தண்டலுக்குப் போனால் தினமும் சாயங்காலம் சைக்கிளில் ஆள் வந்து நிற்பார், அது வேறு கதை. வீட்டில் குண்டுமணி தங்கம் இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பது எவ்வளவோ மேல். அங்கே ஏறக்குறைய ஒரு வட்டிதான் ஆகும். "தாலிக்கொடிய தவிர ஒண்ணும் இல்லண்ணா" என்றான். அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

இப்போது அதே அட்டையில் இன்னொரு கணக்கு. வீட்டுக்காரரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்குப் பதிலாக, "ஐநூறு கூட்டியே தர்றேன், அட்வான்ஸ நாலு மாசமா வச்சுக்குங்க" என்று கேட்டுப் பார். 6,500 வாடகை, அட்வான்ஸ் 26,000. கையில் இருப்பது போகக் கடன் 14,000, வட்டி 420. மொத்தத்தில் மாதம் 6,920 போகும். வாடகை கூடிய பிறகும் செலவு ஐநூறு ரூபாய் குறைகிறது. அதைவிட முக்கியம், 14,000 கடனை ஒரு வருஷத்தில் அடைத்துவிடலாம். 48,000 கடன் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கூடவே வரும். சொந்தச் சேமிப்பில் 60,000 வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் பத்து மாதம் கொடுத்து வாடகையைக் குறைத்துக்கொள்வதே லாபம். கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டுகிறவர்களுக்குத்தான் இது. அவர்கள்தான் இந்த ஊரில் நிறைய.

வீட்டுக்காரர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு அட்வான்ஸ் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். வீட்டுக்காரர் அதை பீரோவில் பூட்டி வைத்திருப்பதாக நாம் நினைக்கிறோம். சின்ன வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. மாடியில் ஒரு போர்ஷன் எடுக்க வாங்கிய கடன், பெண்ணுடைய காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி என்று வந்த வாரமே கரைந்துவிடும். அதனால்தான் காலி செய்யும்போது, "அடுத்த ஆள் வரட்டும்ப்பா, வாங்கித் தர்றேன்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று எல்லாரையும் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே கையில் இருக்காது. நீ கொடுத்தது உனக்கு முன்னால் இருந்தவருக்குப் போயிருக்கும், உனக்கு வர வேண்டியது உனக்குப் பின்னால் வருகிறவரிடம் இருக்கும். இப்படி ஓடுகிற சங்கிலியில் மாட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு மாதம் ஐநூறு கூடுதலாக வருவது பிடிக்கத்தான் செய்யும், மொத்தப் பணத்தின் அவசரம் அந்த நேரத்தில் இல்லாமலிருந்தால். அவசரத்தில் இருப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்க வேண்டியதுதான்.

இந்தச் சங்கிலியால் இன்னொரு தொல்லையும் உண்டு. வீடு மாறும் நாளில் பழைய அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு முன்பே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு அட்வான்ஸ். ஒழுகுகிற வீட்டில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டு, மாறாமல் இருப்பவர்களைப் பார்த்து "ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள்" என்று நான்கூட ஒரு காலத்தில் நினைத்ததுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் அட்வான்ஸுக்கு ஒரு வரம்பு உண்டு: மூன்று மாத வாடகை. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்தது. மீதியையும் சொன்னேன். அந்த வரியின் தொடக்கத்திலேயே, இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் தவிர, என்று ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் பத்து மாதம் என்ன, பன்னிரண்டு மாதமே நுழைந்து போகும். ஆகவே "சட்டப்படி மூணு மாசம்தான்" என்று வீட்டுக்காரரிடம் சட்டம் பேசினால், "சட்டம் பேசுற ஆளுக்கு வீடு இல்லப்பா" என்று கதவைச் சாத்திவிடுவார். சென்னையில் வக்கீலுக்கும் போலீஸ்காரருக்கும் வீடு தரத் தயங்குவது சும்மா இல்லை. சட்டத்தை வாயால் சொல்லாமல் மனசில் வைத்துக்கொண்டு, நாலு மாதம் என்று கேட்பது நியாயமான கேள்விதான் என்ற தைரியத்தோடு பேசு என்றேன்.

அந்தச் சட்டத்தில் உபயோகமான வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார், பதிவதற்கு அரசின் இணையதளமும் உண்டு. வாடகை வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். அட்வான்ஸை, நியாயமான பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. பழைய வழக்கப்படி பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு, மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பதோடு முடித்துக்கொள்கிறவர்களே இன்றும் ஏராளம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அந்தப் பதினோரு மாதம். புதுச் சட்டத்தின் பதிவு வேறு. மாதக் கணக்கு பார்த்து அதிலிருந்து தப்ப முடியாது.

வீட்டுக்காரர் பதிய ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? பலர் ஒப்புக்கொள்வதில்லை. அதற்காக வீட்டை விட்டுவிடு என்று, குடோனில் படுப்பவனிடம் நான் எப்படிச் சொல்வேன்? இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதே, வங்கிக் கணக்குக்கோ ஜிபேயிலோ போடு, குறிப்பில் "வீட்டு அட்வான்ஸ்" என்று எழுது. ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எண்ணிக் கொடுத்த கையோடு ஒரு தாளில் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்கு. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பச்சை மையில் "பெற்றுக்கொண்டேன்". ஆறு வருஷம் கழித்து அந்தத் தாள்தான் என் பணத்தை மீட்டுத் தந்தது. முழுப் பணத்தையும் இல்லை. வர்ணம் அடிக்க ஒரு மாத வாடகையை எல்லாரும்போல் பிடித்தார், சரி. சுவரில் இருந்த ஆணிகளையும் எண்ணினார். ஆணி ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். ஏழு ஆணி. அதில் நாலு எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தவை. அதிலொன்றில்தான் நான் அந்தக் காலண்டரையே மாட்டியிருந்தேன்! அன்றைக்கு எடுத்த சபதம், புது வீட்டில் சாமான் இறங்குவதற்கு முன்னால் நாலு சுவரையும், குழாயையும், கக்கூஸ் கதவையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுவது. தேதியோடு அவர் போனிலேயே கிடக்கட்டும்.

வீடு தேடுவதை அவன் ஏற்கெனவே ஒருவிதமாகச் செய்துகொண்டிருந்தான். செல்போனில். அதில் வருகிற படங்களில் வீடு பளபளவென்று இருக்கும், வாடகை சொன்னால் நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும். போன் போட்டால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வெளியூரில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் அனுப்புங்க, சாவி வரும்" என்பார்கள். சாவி வராது. வீட்டுக்குள் கால் வைத்துப் பார்க்காமல், வீட்டுக்காரரை முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதே. இதைச் சொன்னபோது அவன் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு போச்சு என்று நான் கேட்கவில்லை.

குறைந்த வாடகை வீடுகள் செல்போனுக்கு வருவதற்கு முன்பே வாயால் போய்விடுகின்றன. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு குடித்தனம் காலியாகாது. காலி செய்கிறவர் கடைசியாக அவரிடம் கொடுத்த துணியை வாங்க வருவார் அல்லவா! மாவு அரைக்கும் மில், தண்ணீர் கேன் போடும் பையன், அங்கன்வாடி ஆயா, பூக்காரம்மா, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என்று ஒரு வட்டம் உண்டு. இவர்கள் வழியாகப் போனால் கமிஷன் மிச்சம். ஐநூறு ரூபாயோ வேட்டி புடவையோ கொடுத்தால் போதும். அதைவிடப் பெரிய லாபம், "நம்ம பையன்தாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்கும். கம்பியில் கட்டித் தொங்கும் டு-லெட் போர்டைப் பார்த்துத் தனியாகப் போய் நிற்பவனுக்கு அந்த வார்த்தை கிடையாது.

அந்த வார்த்தை எதற்கு வேண்டியிருக்கிறது என்பதைப் பூசி மெழுகத் தேவையில்லை. வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது, "சாப்பாடு எப்படி, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா?" மூன்றாவது கேள்வியைச் சிலர் நேராகவே கேட்பார்கள், சிலர் அப்பா பெயர், குலதெய்வம் என்று சுற்றி வளைப்பார்கள். தலித் குடும்பம், முஸ்லிம் குடும்பம், தனியாக இருக்கும் பெண், கணவனைப் பிரிந்தவர், திருநங்கை, வடமாநிலத் தொழிலாளி: இவர்களுக்கெல்லாம் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்ற பதில் தயாராக இருக்கும், போர்டு மட்டும் மறுநாளும் தொங்கும். 2017 சட்டத்தில் இதைத் தடுக்கும் வரி இல்லை. வீடு தர மறுத்தவரை எந்த வாடகை அதிகாரியிடமும் கொண்டு போய் நிறுத்த முடியாது. காசுக் கஷ்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தரலாம். இதற்கு என்னிடம் உபாயம் இல்லை. வேலை கொடுத்திருக்கும் முதலாளியோ சூப்பர்வைசரோ ஒரு போன் பேசினால் சில கதவுகள் திறக்கின்றன என்பதைப் பார்த்திருக்கிறேன். திறக்காத கதவுகளையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கரண்ட். வாடகை பேசும்போது கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது இதைத்தான். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, சப் மீட்டரா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், ஒரு லைட், டிவி, மிக்சி என்று இருக்கும் சின்னக் குடும்பம் இரண்டு மாதத்தில் 200 யூனிட் எரித்தால் தனி இணைப்பில் சில நூறு ரூபாயோடு போகும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் வைத்திருக்கும் வீட்டில் எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல்தட்டு விலைக்கு ஏறிவிடும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டால் அதே 200 யூனிட்டுக்கு 1,600. மாதத்துக்கு 800 ரூபாய். தனி இணைப்பில் ஆகியிருப்பதைக் கழித்த மீதி, வாடகை ஏறியதற்குச் சமம். படிக்கட்டுக்கு அடியில், ஒட்டடைக்குள், சுற்றுகிற தட்டோடு ஒரு பழைய சப் மீட்டர் இருக்கும். வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். தட்டு நின்றால் சரி. மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் பக்கத்து போர்ஷனுக்கும் நீதான் கட்டப் போகிறாய். குடிபோகும் நாளின் ரீடிங்கை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்.

தண்ணீரைப் பற்றி நீட்ட வேண்டாம். குழாயைத் திற, ஒரு வாய் குடித்துப் பார். உப்பாக இருந்தால் கேன் செலவையும் வாடகையில் சேர்த்துக்கொள்.

இதற்குள் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சில் சேர்ந்துகொண்டார். "ஒத்திக்குப் போகச் சொல்லுங்க சார், வாடகையே கிடையாது" என்றார். மதுரைப் பக்கத்துக்காரர், அங்கே அது சகஜம். மூன்று லட்சமோ நான்கு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பது. முடிவில் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். வந்தால் அருமையான ஏற்பாடுதான். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டினால், ஒத்திக்கு இருப்பவரின் பணம் நடுத்தெருவில் நிற்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதியாமல் ஒத்திக்குப் போகக் கூடாது. பெரியவரிடம் இதை மரியாதையாகச் சொன்னேன். அவர் தன் தம்பிக்கு அப்படித்தான் ஆயிற்று என்றார். பிறகு ஏன் சிபாரிசு செய்தார் என்று தெரியவில்லை.

இன்னொரு குறுக்குவழியையும் யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வாரியக் குடியிருப்பில் மூவாயிரம் நாலாயிரத்துக்கு வீடு கிடைக்கிறது, அட்வான்ஸும் கொஞ்சம்தான் என்று. கிடைப்பது உண்மை. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கிய வீடுகள் அவை. வேலை இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் என்பதால் ஒதுக்கீடு பெற்ற சிலரே உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய பேட்டைக்கே திரும்பி வந்து ஒண்டுகிறார்கள். விதிப்படி அப்படி விடக்கூடாது. கணக்கெடுப்புக்கு அதிகாரி வந்தால் வெளியே போக வேண்டியவர் வாடகைக்கு இருப்பவர். எந்தத் தாளையும் காட்டி நிற்க முடியாது. இரண்டு மாதம் தலைசாய்க்க என்றால் சரி, கைக்குழந்தையோடு குடியேற அது தோதில்லை.

அவன் குடோனில் படுக்கிறானே, அதைப் பற்றி. வீடில்லாதவர் என்றதும் பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. கட்டி முடியாத கட்டடத்தில் வாட்ச்மேனாக இருந்து அங்கேயே பொங்கிச் சாப்பிடுகிறவர், ஹோட்டல் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் படுக்கும் சப்ளையர், உறவுக்காரர் வீட்டு ஹாலில் எத்தனை நாள் இருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பெண், இவர்களும் வீடில்லாதவர்கள்தான். வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போய்விடும்.

அந்த நிலையில் நேராக வீட்டுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு படி வேண்டும். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் அப்படியொரு படி. ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. சென்னையில் ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளை ஒட்டி நோயாளியோடு வந்தவர்களுக்கென்றும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் மாநகராட்சிக்காக அவற்றை நடத்துகின்றன. தங்கக் காசு கிடையாது. மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரிக்கலாம். அங்கே போவதற்கு வேலை செய்து சம்பாதிக்கிற பலர் கூச்சப்படுகிறார்கள், அதெல்லாம் பிச்சைக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு. ஆதாரும் வங்கிக் கணக்கும் இல்லாத ஒருவருக்குக் காப்பகத்தில் கிடைக்கிற பெரிய உதவி, அவற்றை வாங்க வழி செய்து தர ஒரு ஆள் இருப்பதுதான். அந்த இரண்டும் இல்லாமல் எந்த வீட்டுக்காரரும் சாவியைக் கையில் கொடுக்கப் போவதில்லை. கையில் கொஞ்சம் காசு இருக்கும் ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. பத்து மாதம் கேட்க மாட்டார்கள், ஜன்னல் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் நல்ல ஏற்பாடு. குடும்பத்துக்கென்று இப்படி ஒரு படி இந்த ஊரில் சரியாக இல்லை. கணவன் ஒரு காப்பகம், மனைவி ஒரு காப்பகம் என்று பிரிந்து போக யார் ஒப்புவார்கள்?

நம் தம்பி அந்தப் படிக்குப் போக வேண்டியதில்லை, தாள்கள் இருந்தன, சம்பளம் வங்கியில் விழுந்தது. அவனுக்கு அனுகூலமான விஷயம் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆடி மாதம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆவணி வரைக்கும் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை நஷ்டம். பத்து மாதம் என்று கறாராக நிற்பவர்கூட அந்த முப்பது நாள் கொஞ்சம் இறங்கி வருவார். ஆடி பார்க்காதவனுக்கு ஊரே டு-லெட் போர்டுதான். "ஆடியில வர்றேம்மா, அட்வான்ஸ கொஞ்சம் பாத்துக்குங்கன்னு கேளு" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு ஒன்றுமில்லையாம், மாமியார் இருக்கிறார்களாம்.

அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

நான்கு நாள் கழித்து ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. மாவு மில் அம்மா மூலமாகக் கொளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. ஒற்றை அறை, தள்ளினாற்போல் சமையல் இடம், மேலே ஷீட். வாடகை 6,500, அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்கிறார்கள், இப்போதே வந்தால் நாலு. தனி மீட்டர் இல்லை, சப் மீட்டர், தட்டு நிற்கிறது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான். யூனிட் எட்டு என்றதை ஏழாக்கியிருக்கிறான்.

"ஆனா ஆடியில பால் காய்ச்சக் கூடாதுன்னு அத்தை ஒரே பிடிவாதம்ணா. நான் என்ன சொல்றது?"

சுவரில் காலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. நாளை வியாழக்கிழமை வேறு.

"நாளைக்குக் காலையில எமகண்டம் முடிஞ்சதும் பாலை மட்டும் காய்ச்சிடு. ஒரு பாக்கெட் பால், ஒரு ஸ்டவ், சாமி படம் ஒண்ணு. ஆனிக் கணக்குல வந்துடும். சாமானையும் அவங்களையும் ஆடியில மெதுவா கூட்டிட்டு வா."

"ஸ்டவ் இல்லையேண்ணா."

"என்னோடத வந்து எடுத்துட்டுப் போ."